இன்னாவின் அம்மா

நிர்மலாவுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று தான்சானியாவில் ஒரு மலைக்கிராமமே நம்பிக்கொண்டிருந்தது. அவள் பிறந்து வளர்ந்த வடக்கனந்தலில் அதை ஒருத்தர்கூட நம்பியிருக்க மாட்டார்கள். உண்மை வடக்கனந்தல்காரர்கள் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் ஆறரை வருஷம் அந்த மலையில் அவள் இன்னாவின் அம்மாவாகத்தான் வாழ்ந்தாள். அந்த இன்னா எப்படி வந்தாள் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

வடக்கனந்தல் காலனியில் மாயவன், செவ்வந்தி என்ற கூலிக்காரத் தம்பதிக்கு மூத்த மகள் நிர்மலா. அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா களை பறிக்கப் போவாள், காலம் வந்தால் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போவாள். நிர்மலா ஒன்பதாவது படிக்கும்போது குடும்பத்தோடு சபையில் சேர்ந்தார்கள். கள்ளக்குறிச்சியில் இரண்டு வருஷம் நர்ஸ் படிப்பு முடித்த கையோடு, கல்வராயன் மலையில் ஒரு சின்ன மிஷன் மருந்தகத்தில் வேலைக்குப் போனாள். அங்கே பக்கத்து விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இளமாறன், சின்னசேலத்துக்காரன். நல்லவன்தான். பிரசங்கம் பண்ண எழுந்தால் உட்காரத் தெரியாது, அது ஒன்றுதான் குறை. கல்யாணம் ஆகி இருவரும் மலையிலேயே குடும்பம் நடத்தினார்கள்.

இரண்டாம் வருஷம் அவள் உண்டானாள். ஏழாம் மாதத்தில், நல்ல மழை நாளில், வலி வந்துவிட்டது. ஜீப்பில் போட்டுக்கொண்டு மலை இறங்கினார்கள். கள்ளக்குறிச்சி வருவதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. கண் விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. பக்கத்தில் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். அப்பா ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், புதைக்க வேண்டிய இடத்தில் புதைத்துவிட்டு வந்திருந்தார். "பாக்காததே நல்லது பாப்பா. பாத்திருந்தா மறந்திருக்க மாட்ட," என்றாள் செவ்வந்தி. ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லவில்லை. இளமாறனும் பார்க்கவில்லை, அவன் மருந்து வாங்க ஓடிக்கொண்டிருந்தான். நிர்மலாவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். போதகர் வந்து அவள் உடம்பு தேற வேண்டும் என்று நீளமாக ஜெபம் பண்ணினார். பிறக்காத பிள்ளைக்கு அடக்க ஆராதனை வழக்கமில்லையாம். மூன்றாவது வாரம் அவள் மலையேறி ஊசி போட ஆரம்பித்துவிட்டாள். பிறகு ஒன்றும் தங்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் மிஷன் ஆபீசிலிருந்து கேட்டார்கள், தான்சானியாவில் இரிங்கா பக்கம் மலைச்சபை ஒன்றுக்கு ஆள் வேண்டும், போகிறீர்களா என்று. இளமாறன் அது ஆண்டவருடைய அழைப்பு என்றான். நிர்மலா சரி என்றாள். அவளுக்கு அழைப்பும் கேட்கவில்லை ஒன்றும் கேட்கவில்லை. அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது, விசேஷம் உண்டா என்று கேட்க ஆள் கிடையாது, அது போதும் என்று கிளம்பினாள்.

கேட்க ஆள் இல்லாத ஊர் என்று ஒன்று உலகத்தில் உண்டா? போன மூன்றாம் நாளே கேட்டுவிட்டார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண், நல்ல உயரம், வாசலில் தையல் மிஷின் போட்டுத் துணி தைப்பவள். பெயர் மாமா நீமா. அந்த ஊர்ப் பேச்சில் மாமா என்றால் அம்மா. நீமா அவளுடைய மூத்த மகள். பிள்ளை பெற்றவளை அங்கே யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, முதல் பிள்ளையின் பெயரைச் சேர்த்து இன்னாருடைய அம்மா என்பார்கள். இதெல்லாம் நிர்மலாவுக்கு எப்படித் தெரியும்? முதல் நாளிலிருந்து ஊர்ப் பெண்கள் எல்லாம் தன்னைப் பார்த்து மாமா, மாமா என்றதும், இதென்னடா கூத்து என்று விழித்துக்கொண்டிருந்தாள். அந்த மாமா நீமா வேலியோரம் வந்து நின்று சிரித்தபடி, "மாமா நானி?" என்றாள். யாருடைய அம்மா நீ என்று அர்த்தம்.

நிர்மலாவுக்குப் புரியவில்லை. புரியாதபோது எங்கள் பக்கத்து மனுஷி இன்னா சொல்வாள்?

"இன்னா?" என்றாள்.

எதிரே நின்றவள் முகம் மலர்ந்துவிட்டது. "மாமா இன்னா!" என்று சத்தமாகச் சொல்லி, வேலிக்கு மேலே கை நீட்டி நிர்மலாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க மாமா இன்னா. அவ்வளவுதான், ஒரு பிள்ளை பிறந்துவிட்டது.

அந்தப் பிள்ளை வளர்ந்ததற்கும் நிர்மலாவின் வாய்தான் காரணம். காலையிலிருந்து ராத்திரி வரை புருஷனை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? "இன்னாங்க, தண்ணி எடுத்தாங்க." "இன்னாங்க, சாப்புட வாங்க." இளமாறன் மோட்டார் சைக்கிளில் தூரத்துச் சபைகளுக்குப் போய் இருட்டி வரும் நாட்களில், வாசலில் நின்று ஒரு தடவை, பின்பக்கம் நின்று ஒரு தடவை, "இன்னாங்க!" என்று குரல் கொடுப்பாள். இதைக் கேட்டுக் கேட்டு மாமா நீமா கண் கலங்கிப்போனாள். பாவம், மகளைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வந்து வேலை செய்கிறாள், பிள்ளை நினைப்பு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தாள்.

அங்கே யாரைப் பார்த்தாலும் வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டுத்தான் வேறு பேச்சு. விசாரித்தால் "ஹஜம்போ" என்று சொல்ல வேண்டும், சுகமாக இருக்கிறாள் என்று பொருள். இளமாறன்தான் சொல்லிக்கொடுத்தான், "எது கேட்டாலும் ஹஜம்போ சொல்லிடு, தப்பாவாது," என்று. அவளும் சொன்னாள். இன்னா எப்படி இருக்கிறாள்? ஹஜம்போ. சந்தையில், கிணற்றடியில், கோயில் வாசலில், நாளைக்குப் பத்துத் தடவை ஹஜம்போ. நாலு மாதம் கழித்துப் பேச்சு பிடிபட்டபோதுதான் தான் இத்தனை நாளாக யாருடைய சுகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது.

இளமாறன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏ இன்னாம்மா, உம் பொண்ணுக்கு பால் காய்ச்சலையா?" என்று ஒரு வாரம் கிண்டல் பண்ணினான். அவளும் சிரித்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் மாமா நீமா மிஷினை நிறுத்திவிட்டு, "இன்னாவுக்கு எத்தனை வயது?" என்று கேட்டாள். இந்தத் தடவை நிர்மலாவுக்குக் கேள்வி நன்றாகப் புரிந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டது. அந்த மழை நாள் ஒழுங்காகப் போயிருந்தால் இப்போது எத்தனை ஆகியிருக்கும்? இரண்டு விரலைக் காட்டினாள்.

அதுவரை நடந்தது தவறு, அன்றைக்குச் சொன்னது பொய். நான் மறைக்கவில்லை. அவளும் மறைத்துக்கொள்ளவில்லை, அன்று ராத்திரி முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் காலையில் யாரோ "மாமா இன்னா" என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தாள்.

வெளியூர் ஊழியம் என்றால் நம் ஆட்கள் பெரிதாக நினைத்துக்கொள்வார்கள். கூட்டம், பாட்டு, ஞானஸ்நானம், போட்டோ. நிர்மலாவுக்குத் தெரிந்த ஊழியம் வேறு. தகரக் கூரைமேல் மழை. அரைத்த சோளமாவைக் களியாகக் கிண்டுவது. கறிவேப்பிலை இல்லாத குழம்பு. எட்டு நாளைக்கு ஒரு தடவை அம்மாவிடமிருந்து போன், அதிலும் பாதி நேரம் "கேக்குதா? கேக்குதா?" இளமாறன் நாலு சபைக்கு ஒரே ஆள். பண்டிகை என்றால் அவன் வீட்டில் இருக்க மாட்டான். கிறிஸ்துமஸ் அன்று இங்கே ஆராதனை முடித்து அடுத்த சபை, அங்கே முடித்து அதற்கடுத்தது. அவள் முந்தின நாள் முறுக்கு சுட்டு, நம் ஊர் வழக்கப்படி தட்டில் வைத்துத் துணி மூடி அக்கம்பக்கம் கொடுப்பாள். வீடு திரும்பி, புதுப் புடவையோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பேசத் தமிழ் கிடையாது. சுவரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிக்கொள்வாள், தன் குரல் தமிழில் எப்படி இருக்கிறது என்று கேட்க.

மத்தியானம் கோயில் பெண்கள் சோறு கொண்டுவருவார்கள். அவளுக்கு ஒரு தட்டு, புருஷனுக்கு ஒரு தட்டு, இன்னாவுக்கு ஒரு தட்டு. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கும் பண்டிகையில் பங்கு வைக்க வேண்டுமாம். அந்த மூன்றாவது தட்டைச் சாயங்காலம் அவள் ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாள்.

வருஷா வருஷம் மாமா நீமா கேட்பாள், இன்னா எவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டாள் என்று. நிர்மலா தரையிலிருந்து கை உயர்த்திக் காட்டுவாள். இடுப்புக்குக் கீழே இருந்த கை இடுப்புக்கு வந்தது, அப்புறம் இடுப்பைத் தாண்டியது. பால்பல் விழுந்துவிட்டதா? விழுந்துவிட்டது. படிக்கிறாளா? படிக்கிறாள். முடி நீளமா? நீளம். ஒரு கட்டத்தில் யாரும் கேட்காமலே அவள் சொல்ல ஆரம்பித்திருந்தாள். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் ராத்திரியில் மட்டும் வரும். பகலில் அவள் ஒரு பிள்ளையின் அம்மா.

இளமாறனுக்குச் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. "ஊழியக்காரன் வூட்ல இதெல்லாம் ஒத்துக்காது நிர்மலா. நான் மேடையில நின்னுக்கினு உண்மையப் பேசுன்னு சொல்றேன். எம் பொண்டாட்டி கெணத்தாண்ட இல்லாத புள்ளைக்கு சடை பின்னிக்கினு இருக்கா."

"நீங்க பின்னாதீங்க," என்றாள் அவள். அதோடு பேச்சு முடிந்துபோகும்.

மாயவன் இறந்தபோது டிக்கெட் போட வழியில்லை. அப்பாவின் அடக்கத்தை அவள் போனில் பார்த்தாள். மாமா நீமா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "தாத்தா போய்விட்டாரே, இன்னா எப்படி அழுகிறாளோ? அவளை யார் மடியில் வைத்துக்கொள்வார்கள்?" உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நிர்மலா அன்றைக்குத்தான் முதன்முதலாக நிஜமாகவே நினைத்தாள். ஆனால் அப்பா சாவோடு இன்னாவையும் சேர்த்துச் சாகடிக்க மனசு வரவில்லை.

ஆறரை வருஷத்துக்குப் பிறகு, போன டிசம்பரில்தான் லீவு கிடைத்தது. கிளம்புகிற அன்று ஊர்ப் பெண்கள் எல்லாம் வந்து நின்றார்கள். மாமா நீமா ஒரு கவுன் தைத்துக் கொடுத்தாள், மஞ்சளும் நீலமுமாகப் பூப்போட்டது, எட்டு வயசுப் பிள்ளை அளவுக்கு. கூடவே ஒரு செய்தி. சபைப் பெண்கள் சேர்ந்து பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டார்களாம். ஜனவரியில் இன்னாவுக்கு இடம் உண்டு. பிள்ளையைப் பிரிந்து நீ இருந்தது போதும், வரும்போது கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றார்கள். நிர்மலா தலையை ஆட்டிவிட்டு வண்டி ஏறினாள்.

அவர்கள் போகும்போது கள்ளக்குறிச்சி விழுப்புரத்தோடு இருந்தது. வரும்போது தனி மாவட்டம், புதுப் புது ஆபீஸ், பஸ் ஸ்டாண்டில் அடையாளம் தெரியாத கடைகள். அதெல்லாம் அவளைத் தொடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் காதில் விழுந்த முதல் வார்த்தைதான் தொட்டது. ஷேர் ஆட்டோக்காரன் ஒருத்தன் இன்னொருத்தனைக் கேட்டான், "இன்னா, கெளம்பலாமா?" நிர்மலா சட்டென்று திரும்பிவிட்டாள்.

பிறகு அதேதான் நாளெல்லாம். இன்னா மா எளச்சிட்ட? இன்னா கொழம்பு வெக்கட்டும்? இன்னா விலை? இன்னா ஆச்சு? ஆயிரம் வாய் அவள் மகளைக் கூப்பிட்டது. ஒருத்தருக்கும் அந்த மகளைத் தெரியாது. அங்கேயாவது மூன்றாவது தட்டு ஒன்று வரும். இங்கே பந்தியில் உட்கார்ந்தால், பிள்ளைக்காரிகள் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே பேசும் பேச்சில் அவளுக்கு இடமில்லை. எதிரே வருகிறவள் எல்லாம் வயிற்றைத்தான் முதலில் பார்த்தாள், பிறகுதான் முகத்தை. "இன்னும் ஒண்ணும் இல்லியா? அங்க நல்ல டாக்டர் கெடையாதா?" பிறந்த ஊரில் இப்படித் தனித்துப்போவோம் என்று அவள் நினைக்கவே இல்லை.

இருபத்திமூன்றாம் தேதி மலைக்குப் போனார்கள், பழைய சபையில் கிறிஸ்துமஸ் விழா என்று அழைத்திருந்தார்கள். "நர்ஸம்மா வந்துட்டாங்க!" என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மேடையில் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடின. ஒருத்தி பெருமையாகக் காட்டினாள், "அந்த வரிசை மொத்தமும் நீங்க கையில எடுத்த புள்ளைங்கதான். எல்லாம் எட்டு, ஒம்பது வயசு." நிர்மலா அந்த வரிசையை எண்ணிப் பார்த்தாள். பதினொரு பிள்ளைகள். ஒன்று குறைகிறது என்று தோன்றியது, அந்த எண்ணம் வந்த பிறகு அவளால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றுகொண்டாள்.

இறங்குகிற பஸ்ஸில் இளமாறன் மெதுவாகப் பேச்செடுத்தான். "ஆறாம் தேதி நாம போய் எறங்குனா அந்த ஜனங்க நம்ம கையத்தான் பாப்பாங்க. இன்னா சொல்லுவ? இஸ்கூல்ல சீட்டு வாங்கி வெச்சிருக்காங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ சொல்லு. இல்லன்னா போனதும் சபையில நான் எழுந்து சொல்லிடுவேன். ஊரு சிரிக்கும். எனுக்கு மட்டும் ஆசையா?"

"சிரிச்சா சிரிக்கட்டும்ங்க. அப்புறம் என்னை இன்னான்னு கூப்புடுவாங்க?"

கேட்டுவிட்டு, தான் கேட்டது தனக்கே உறைத்து அழுதுவிட்டாள். வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது. இளமாறன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான், ஆனால் பேச்சை விடவில்லை. கீழே வருவதற்குள் சம்மதம் வாங்கிவிட்டான். கிறிஸ்துமஸ் அன்று மாமா நீமா போன் பண்ணுவாள், அப்போது சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று.

மறுநாள் ஒரு சண்டை. இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்த தங்கை கலையரசி பிள்ளையோடு வந்திருந்தாள். பிள்ளை இலக்கியா பெட்டியைக் குடைந்து கவுனை வெளியே எடுத்துவிட்டது. "பெரிம்மா, எனுக்கா?" அளவு கச்சிதம். நிர்மலா பாய்ந்து பிடுங்கிவிட்டாள். "அது வேற ஒருத்தருக்கு, வெச்சிடு." பிள்ளை வீறிட்டது. கலையரசிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஊர்ல இருக்கற யாரோ புள்ளைக்கு கவுனு, கூடப் பொறந்தவ புள்ளைக்கு இல்ல. நல்லா இருக்குதுக்கா உன் ஊழியம்," என்று சொல்லிப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனவள், பண்டிகைக்கும் வரவில்லை.

ஆக, கிறிஸ்துமஸ் அன்று செவ்வந்தி வீட்டில் மூன்றே பேர். பிரியாணி அண்டாவில் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. "ஒரு கவுனு. ஒரு கவுனுக்கு அக்காளும் தங்கச்சியும் மூஞ்ச திருப்பிக்கினு," என்று முணுமுணுத்துக்கொண்டே செவ்வந்தி பின்பக்கம் அண்டா விளக்கப் போய்விட்டாள். முன்னறையில் நிர்மலாவும் இளமாறனும். இளமாறன் அந்த ஊர்ப் பாஷையில் நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தான், பெயரைத் தப்பாகப் புரிந்துகொண்டதிலிருந்து மன்னிப்புக் கேட்பது வரை எல்லாம் அதில் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் போன் வந்தது. அங்கே மத்தியானம், ஆராதனை முடிந்து சமையல் நடக்கும் நேரம்.

திரை முழுக்க மாமா நீமாவின் முகம். பின்னால் கோயில் மைதானம், பெரிய பெரிய பானைகள், புகை, பெண்கள். "மாமா இன்னா! கிறிஸ்துமஸ் வாழ்த்து! எங்கே அவள்? காட்டு, காட்டு!" பின்னால் இருந்தவர்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். யாரோ கையாட்டினார்கள். இன்னா, இன்னா என்று ஏழெட்டுக் குரல்.

நிர்மலா தாளைப் பார்த்தாள். எழுத்து ஒன்றும் தெரியவில்லை, கண்ணில் நீர். நாலு வரியும் மறந்துபோய், தமிழில் நினைத்ததை அப்படியே அந்தப் பாஷையில் சொல்லிவிட்டாள். இன்னா என்று ஒருத்தி இல்லை. அதுதான் அவள் சொல்ல நினைத்தது. வாயில் வந்தது இரண்டே சொல்.

"இன்னா ஹயுபோ."

நமக்கு ஒரே ஒரு 'இல்லை'தான். வீட்டில் இல்லாதவனுக்கும் அதுதான், உலகத்திலேயே இல்லாததற்கும் அதுதான், செத்துப்போனவனுக்கும் அதுதான். அவர்களுடைய 'ஹயுபோ' பிறந்து இருந்த ஆளுக்கு மட்டும் உரியது, இங்கே இல்லை என்றும் ஆகும், போய்விட்டாள் என்றும் ஆகும். இருந்தவள் இப்போது இல்லை. அதை ஒரு தாய் அழுதுகொண்டே சொன்னால் அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

மாமா நீமா போட்ட சத்தத்தில் போன் கைநழுவி விழுந்துவிட்டது. வானம் தெரிந்தது, யாருடைய கால்களோ தெரிந்தன. ஒரு சிறு பெண் போனை எடுத்து நிமிர்த்திப் பிடித்தாள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகத் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். மாமா நீமா மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். வயசான ஒருத்தி அடக்கத்துக்குப் பாடும் பாட்டை எடுத்துக் கொடுத்தாள். பண்டிகைத் துணியோடு எல்லாரும் சேர்ந்து பாடினார்கள்.

"ஐயையோ, தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்க," என்று இளமாறன் பதறிப்போய்ப் போனைப் பிடுங்கினான். "மாமா நீமா, கேளுங்க, நான் சொல்றத—" என்று அவர்கள் பேச்சில் ஆரம்பித்தான். அவன் முகத்தைக் கண்டதும் மாமா நீமா அந்தச் சிறு பெண்ணின் கையிலிருந்த போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் நீரும் மண்ணும். "பாபா இன்னா," என்றாள். இன்னாவின் அப்பா. "போலே. போலே சனா." உன் துக்கம் எங்கள் துக்கம் என்கிற மாதிரி ஒரு சொல் அது.

எட்டு வருஷத்தில் ஒருத்தர் அவனிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில்கூட எல்லாரும் "அவளப் பாத்துக்கோ" என்றுதான் சொன்னார்கள். இளமாறன் திருத்தத்தான் வாயைத் திறந்தான். எழுந்தால் உட்காரத் தெரியாத அந்த மனுஷன் போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கக் குலுங்க அழுதான். நிர்மலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை.

பாட்டுச் சத்தமும் அழுகையும் கேட்டு, கையில் சாம்பலோடு செவ்வந்தி உள்ளே வந்தாள்.

"இன்னாடி இது, பண்டிகையும் அதுவுமா? யாரு இவங்கல்லாம்? அங்க யாராச்சும் பூட்டாங்களா?"

"ஆமாம்மா."

"யாரு?"

"எம் பொண்ணும்மா."

செவ்வந்தி மருமகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"பொண்ணுன்னு உனுக்கு யாரு சொன்னா?"

நிர்மலா நிமிர்ந்தாள்.

"உங்கப்பாவுக்கும் எனுக்கும் வுட்டா யாருக்கும் தெரியாதே. அவுரு சாவறதுக்கு முன்னாடி சொல்லிட்டாரா உங்கிட்ட?"

நிர்மலா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். செவ்வந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள், மகளை ஒட்டி. போனில் அந்தப் பெண்கள் நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி அந்த முகங்களைப் பார்த்தாள்.

"தல நெறைய முடி பாப்பா," என்றாள். "உன் மூக்கு. நான்தான் தொடச்சி வுட்டு துண்டுல சுத்தினேன். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்கப்பா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இவங்கல்லாம் அதுக்கா அழுவறாங்க?"

"அவளுக்குத்தாம்மா."

"பேரு வெச்சிருந்தியா?"

"ம்."

"பேரு இன்னா?"

"ஆமாம்மா," என்றாள் நிர்மலா. "அதான்."